தேறுமா

ஓல்ட்டனில் நவம்பர்.
ஆரே ஆற்றிலிருந்து எழும்பிய பனிப்புகார்
எங்கள் யன்னல்வரை வந்து குந்திவிட்டது.
மூன்று கிழமையாய் அசையவில்லை.
மலையில் ஏறினால் வெயில் இருக்காம்.
ஏற எனக்கு லீவில்லை.

இரவில் ஹெர்க்கிங்கனில் பார்சல் பிரிக்கிறேன்.
நாலாயிரத்து அறுநூறு என்றால் ஓல்ட்டன்,
நாலாயிரத்து அறுநூற்று முப்பத்திரண்டு ட்ரிம்பாக்,
கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன்.
டொச் சோதினையில் மட்டும்
பேச்சுக்குப் பாஸ், எழுத்துக்கு ஃபெயில்.
இரண்டு தரம்.
"இவர் தேறமாட்டார்" என்று
வதனி யாருக்கோ தொலைபேசியில் சொன்னது
சிரித்தபடிதான்.
கேட்டது கேட்டதுதான்.

பக்கத்து பெல்ட்டில் நிற்கும் இவீட்சா
பெரிய பானையும் மூடி வைத்த வாளியும் தந்தான்.
அவனுக்குப் பிள்ளை பிறக்கப்போகுது,
வீட்டில் இடமில்லை.

சமையலறையில் கூடாது என்றாள் வதனி.
பல்கனி என்றால் சனம் பார்க்கும்.
ஒன்றுவிட்ட வியாழன், நிலவறையில்
உடுப்புத் தோய்க்கிற அறை எங்கள் முறை.
பன்னிரண்டு மணித்தியாலம் எங்களுக்குச் சொந்தம்;
தோய்ப்பது என்னவென்று சட்டத்தில் இல்லை.

அறுபத்தேழு பாகையில் ஒரு மணித்தியாலம்.
நொறுக்கிய பார்லி ஊறி
மாடிப்படியெல்லாம் ஹோர்லிக்ஸ் மணம்.
"பார்லி அவிக்கிறது மூத்திரக் கடுப்புக்கு"
என்றபடி ஈர உடுப்பை அள்ளிக்கொண்டு போனாள்.
ஹொப்ஸ், முயல் தீன்போலப் பச்சைக் குறுணி.
விரலில் ஒட்டியதை நக்கினேன்.
வேப்பெண்ணெய் தோற்கும்.

சிமெந்துத் தொட்டியில் பானையை இருத்திக் குளிரவைத்து
வாளிக்கு மாற்றி, ஈஸ்டைத் தூவி, மூடியை அமத்தி,
வளைந்த குழாயில் கொஞ்சம் தண்ணி விட்டேன்.
குமிழ் அதற்குள்ளால் வரவேண்டும்.
வந்தால் உயிர்.
வராவிட்டால் பத்து லீற்றர் இனிப்புத் தண்ணி.

வெள்ளி, வரவில்லை.
சனி விடிய, வேலை முடிந்து
சப்பாத்தும் கழற்றாமல் நிலவறைக்கு இறங்கினேன்.
அணுகுண்டுக்கென்று கட்டிய தடித்த கதவு,
அதற்குப் பின்னால் குளிர்கால டயர், சில்லுடைந்த சூட்கேஸ்,
என் வாளி.
குழாய்த் தண்ணி கண்ணாடிமாதிரி நின்றது.
சூட்டோடு தூவிக் கொன்றுவிட்டேனோ?

ஞாயிறு பின்னேரம்
ஊறுகாய்ப் போத்தல் எடுக்க வந்தாள் வதனி.
வாளியைப் பார்க்கவில்லை, என் முகத்தைப் பார்த்தாள்.
"கும்பிட்டால் தோசைமா பொங்குமே? திறந்து பாருங்கோ."
திறந்தால் பழுதாகும் என்றேன்,
புத்தகத்தில் போட்டிருக்கு.
அவள் குனிந்து மூடியின் விளிம்பில் மூக்கை வைத்தாள்.
பிறகு விரலால் தடவிக் காட்டினாள்:
ஒரு பக்கம் இறுகவில்லை.
நகக்கண் அளவு இடைவெளி,
அதைச் சுற்றிக் காய்ந்த நுரை.
இத்தனை நாளும் அதுக்குள்ளால்
மூச்சு விட்டுக்கொண்டுதான் இருந்திருக்கு.
நான் காவலிருந்தது வேறு வாசலில்.

தேறல் என்றொரு சொல் தமிழில் உண்டு.
வண்டல் இறங்கித் தெளிந்த கள்.
அதே வேரில்தான்
சோதினையில் தேறுவது, காய்ச்சல்காரன் தேறுவது,
செத்தவீட்டில் தேறுதல் சொல்லித் தோளைத் தொடுவது.
எல்லாத்துக்கும் கலங்கல் அடியில் படியவேண்டும்.
என்னுடையது படியவில்லை.
போத்தலில் அடைத்தும் படியவில்லை.

ஆறாம் கிழமை ஒன்றைத் திறந்தோம்.
மேல்மாடி ஃப்ராவ் பியூட்டிக்கர், அன்று அவருடைய முறை,
உடுப்புக் கூடையை இறக்கிவைத்துவிட்டு
ஒரு மிடறு குடித்தார்.
கிளாசை லைட்டுக்கு நேரே பிடித்தார்.
"ட்ரூப்" என்றார்.
கிளாசுக்கும் அந்தச் சொல்,
யன்னலுக்கு வெளியே நிற்கும் வானத்துக்கும் அந்தச் சொல்.
கூடாதோ என்று கேட்டேன்.
யோசித்தார்.
மிச்சத்தையும் குடித்தார்.

இரவு லேபல் ஒட்டினேன்.
நாலெழுத்து, மூன்றாவதின் தலையில் இரண்டு புள்ளி.
பத்தொன்பது தரம் எழுதினேன், ஒரு பிழையில்லை.
இருபதாவது போத்தலை
வதனி கழுவிக் கவிழ்த்து வைத்திருக்கிறாள்,
நல்லெண்ணெய்க்காம்.